கியர் மாற்றுவது கடினமாக உள்ள மோட்டார் கார்: பழுதை இனங்காணும் ஒழுங்கு



மோட்டார் வாகனத்தின் வலு ஊடுகடத்தல் தொகுதி பற்றிய பகுதியில் பாகங்களின் பெயர்களை நீங்கள் இலகுவாக மனனஞ் செய்து விடுவீர்கள். ஆயினும் “சாரதி ஒருவர் கியர் மாற்றுவது கடினமாக உள்ளது என முறையிடுகிறார். காரணத்தை எவ்வாறு இனங்காண்பீர்?” என்று வினவப்படும்போது பலர் அறிந்த காரணங்கள் அனைத்தையும் ஒழுங்கின்றி எழுதிவிடுகின்றனர். காரணங்களின் பட்டியல் மட்டும் விடையாகாது. எதனை முதலிற் சோதிப்பது, அந்தச் சோதனையின் பெறுபேற்றிலிருந்து எந்தக் காரணத்தை நீக்குவது என்பதே விடையின் உயிர்நாடியாகும். இக்கட்டுரை அந்த ஒழுங்கை உங்களுக்கு விளக்குகிறது.

இக்கட்டுரையைக் கற்றபின் உங்களால்:
• கியர் இலகுவாக விழுவதற்குத் தேவையான நிபந்தனைகளைக் கூற முடியும்.
• கிளச் இழுபடல், கிளச் வழுக்கல் ஆகிய இரண்டையும் வேறுபடுத்த முடியும்.
• மூன்று நிலைப் பரிசோதனை மூலம் பழுது எப்பகுதியில் உள்ளது எனத் தீர்மானிக்க முடியும்.

1. இதனை அறிவதன் பயன்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கொட்டாஞ்சேனை வரை ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரம். காலை வேளையில் இத்தூரத்தைக் கடக்கும் வான் சாரதி ஒருவர் பஸ் தரிப்பிடத்திலும் சமிக்ஞை விளக்கிலும் பாதசாரிக் கடவையிலும் நின்று நின்றே செல்ல வேண்டும். ஒரு கிலோமீற்றருக்குப் பத்துத் தடவை கியர் மாற்றுகிறார் எனக் கொண்டாலும் ஒரு பயணத்தில் நூறு தடவை கிளச்சை மிதிக்கிறார். எனவே இப்பழுது முதலில் வெளிப்படுவது இத்தகைய நகர வாகனங்களிலேயே ஆகும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச் மாதம் இலங்கையில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும் இருந்த வாகனத்தைத் திருத்தித் திருத்தியே பலர் பாவித்தனர். பழைய வாகனத்தின் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தைக் கடைகளைத் தேடிச் செல்வது கொழும்பு வாசிகளுக்குப் புதிதன்று. ஆனால் எந்தப் பாகம் பழுது என்று தெரியாமல் கடைக்குச் சென்றால் பணமும் நாளும் வீணாகும். கியர்ப்பெட்டியைக் கழற்றி இறக்குவது ஒரு நாள் வேலை. கிளச் கேபிளைச் செப்பஞ் செய்வது சில நிமிட வேலை. இரண்டுக்கும் சாரதி சொல்லும் முறைப்பாடு ஒன்றே: “கியர் விழுகுதில்லை.” வேறுபாட்டைக் கண்டறிவது சோதிப்பவரின் பொறுப்பு.

2. தொகுதியை மீட்டிப் பார்ப்போம்

எஞ்சினின் வலு பின்வரும் ஒழுங்கிற் செல்கிறது:

எஞ்சின் → பறப்புச் சில்லு → கிளச் → கியர்ப்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டு → பற்சில்லுகள் → வெளியீட்டுத் தண்டு → சில்லுகள்

கிளச் தட்டானது பறப்புச் சில்லுக்கும் அமுக்கத் தட்டுக்கும் இடையில் விற்களின் விசையால் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். உராய்வு காரணமாக மூன்றும் ஒன்றாகச் சுழலும். இது பிணைக்கப்பட்ட நிலை. சாரதி பெடலை மிதிக்கும்போது கிளச் பெயாரிங் முன்னோக்கித் தள்ளப்பட்டு அமுக்கத் தட்டைப் பின்னிழுக்கும். கிளச் தட்டு இருபுறமும் தொடுகையை இழந்து சுயாதீனமாகும். இது விடுவிக்கப்பட்ட நிலை. கராஜ்களில் இவற்றைக் கிளச் பிளேட், பிரஷர் பிளேட் என்றே அழைப்பர். விடையில் எப்பெயரை எழுதினாலும் தொழிலைச் சரியாக எழுத வேண்டும்.

இன்றைய கார்களின் கியர்ப்பெட்டியில் முன்னோக்கிய கியர்களின் பற்சில்லுகள் எப்போதும் ஒன்றோடொன்று கொளுவியபடியே இருக்கும். வெளியீட்டுத் தண்டிலுள்ள பற்சில்லுகள் அத்தண்டின் மேல் சுயாதீனமாகச் சுழலுகின்றன எனக் கொள்வோம். நாம் கியர் நெம்பை அசைக்கும்போது தெரிவுக் கவை ஒன்று நழுவும் உறையைத் தள்ளுகிறது. அவ்வுறை குறித்த பற்சில்லின் பக்கத்திலுள்ள சிறிய பூட்டுப் பற்களிற் கொளுவி, பற்சில்லைத் தண்டுடன் பூட்டி விடுகிறது. ஆகவே “கியர் விழுதல்” என்பது பெரிய பற்சில்லுகள் சந்திப்பதன்று. உறை பூட்டுப் பற்களுக்குள் நுழைவதேயாகும்.

சுழலும் இரு பாகங்கள் இவ்வாறு பூட்டப்பட வேண்டுமாயின் அவற்றின் வேகங்கள் சமமாக இருக்க வேண்டும். அவற்றைச் சமப்படுத்துவது ஒத்திசைவு வளையம் ஆகும். பெரும்பாலும் பித்தளை போன்ற செப்புக் கலப்புலோகத்தாலான இவ்வளையத்தின் உட்புறம் கூம்பு வடிவானது. அது பற்சில்லின் கூம்புப் பகுதியில் உரசி, உராய்வின் மூலம் வேகத்தைச் சமப்படுத்தும். வேகம் சமமாகும் வரை உறையை உள்ளே விடாது தடுத்தும் வைக்கும். இதனைத் திருத்துநர்கள் சிங்குரோ ரிங் என்பர். இவ்வமைப்பைக் கொண்ட கார்களை 1928 இல் அமெரிக்காவின் கடிலாக் நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்கு விட்டது.

3. கியர் இலகுவாக விழ மூன்று நிபந்தனைகள்

(அ) கிளச் முழுமையாக விடுவிக்கப்பட வேண்டும்.
(ஆ) சாரதியின் கை அசைவு தெரிவுக் கவை வரை குறையாமற் சென்றடைய வேண்டும்.
(இ) ஒத்திசைவு வளையம் வேகங்களைச் சமப்படுத்த வேண்டும்.

கியர் மாற்றுவது கடினமாயின் இம்மூன்றில் ஒன்றேனும் தவறியுள்ளது. இதனை மனதிற் பதித்துக் கொண்டால் எண்ணற்ற காரணங்களும் மூன்று பெட்டிகளுக்குள் அடங்கிவிடும்.

மூன்றாம் நிபந்தனையை ஒரு கணிப்பு மூலம் விளங்கிக் கொள்வோம்.

உதாரணம் 1: ஒரு காரின் இரண்டாம் கியரின் விகிதம் 2.0, மூன்றாம் கியரின் விகிதம் 1.5 எனக் கொள்க. மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழலும்போது சாரதி இரண்டாம் கியருக்கு இறக்குகிறார்.

வெளியீட்டுத் தண்டின் வேகம் = 3000 ÷ 1.5 = 2000 சுற்றுகள்
இரண்டாம் கியருக்குத் தேவையான உள்ளீட்டுத் தண்டின் வேகம் = 2000 × 2.0 = 4000 சுற்றுகள்
அதிகரிக்க வேண்டிய வேகம் = 4000 – 3000 = 1000 சுற்றுகள்

கிளச் முழுமையாக விடுவிக்கப்பட்டிருப்பின் ஒத்திசைவு வளையம் முடுக்க வேண்டியது உள்ளீட்டுத் தண்டையும் அதனுடன் சுழலும் பற்சில்லுகளையும் இலேசான கிளச் தட்டையும் மாத்திரமே. கிளச் சிறிதளவேனும் இழுபட்டால் எஞ்சினின் சுழற்சியும் அதற்கு எதிராக நிற்கும். கையளவான அவ்வளையத்தால் எஞ்சினை வெல்ல முடியாது. எனவே கிளச்சிலுள்ள பழுது கியர்ப்பெட்டியிலுள்ள பழுது போலத் தோற்றமளிக்கிறது. தவறான இனங்காணலுக்கு முதன்மையான காரணம் இதுவேயாகும்.

4. கிளச் இழுபடலும் கிளச் வழுக்கலும்

இவ்விரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

கிளச் வழுக்கல்: பெடலை மிதிக்காத நிலையிலும் தட்டு முழுமையாகப் பிடிக்காது. எஞ்சின் இரையும், ஆனால் கார் அதற்கேற்ப வேகம் கொள்ளாது. மேட்டில் ஏறும்போது நன்கு தெரியும். தட்டின் உராய்வுப் படை தேய்தல், அதில் எண்ணெய் படிதல், பெடலில் சுயாதீன அசைவு இல்லாமை என்பன காரணங்களாகும்.

கிளச் இழுபடல்: பெடலை முழுமையாக மிதித்த பின்னரும் தட்டு முழுமையாக விடுபடாது. உள்ளீட்டுத் தண்டு தொடர்ந்து சுழலும். கியர் மாற்றுவது கடினமாவது இதனாலேயாகும்.

கிளச் இழுபடலுக்கான காரணங்கள்:
• பெடலின் சுயாதீன அசைவு அளவுக்கு மிஞ்சியிருத்தல்
• கிளச் கேபிள் நீளுதல், இழைகள் அறுதல், உறைக்குள் துருப்பிடித்தல்
• நீரியல் கிளச்சில் திரவம் குறைதல், வளி புகுதல், உருளைகளின் இறப்பர் அடைப்புகள் தேய்தல்
• கிளச் தட்டு வளைதல். தட்டின் நடுத்துளையிலுள்ள தவாளிப்புகள் துருப்பிடித்துத் தண்டின் மேல் வழுக்காதிருத்தல்
• விடுவிக்கும் கவை வளைதல், கிளச் பெயாரிங் பழுதடைதல்
• பெடலின் கீழ் தடித்த கால்மிதி மடங்கிக் கிடத்தல்

இறுதியாகக் கூறப்பட்டதைக் கண்டு சிரிக்க வேண்டாம். பெடல் அடிவரை செல்லாவிடின் மற்றெல்லாப் பாகங்களும் புதியனவாக இருந்தாலும் கிளச் விடுபடாது. எனவே முதலிற் பார்க்க வேண்டியதும் அதுவே.

மாருதி அல்டோ போன்ற சிறிய கார்களில் கிளச் கேபிளால் இயக்கப்படுகிறது. வேறு பல கார்களிலும் வான்களிலும் நீரியல் முறை உண்டு. நீரியல் முறையில் ஏற்படும் பழுதை நீங்கள் விஞ்ஞான பாடத்திற் கற்ற அமுக்கக் கோட்பாட்டைக் கொண்டே விளக்கலாம்.

உதாரணம் 2: பெடலின் நெம்பு விகிதம் 5. சாரதி 80 நியூற்றன் விசையைப் பிரயோகிக்கிறார். பிரதான உருளையின் முசலப் பரப்பு 2 சதுர சென்ரிமீற்றர். துணை உருளையின் முசலப் பரப்பு 3 சதுர சென்ரிமீற்றர்.

பிரதான முசலத்தின் மீதான விசை = 80 × 5 = 400 நியூற்றன்
திரவத்தின் அமுக்கம் = 400 ÷ 2 = சதுர சென்ரிமீற்றருக்கு 200 நியூற்றன்
துணை முசலத்தின் விசை = 200 × 3 = 600 நியூற்றன்

இனி அசைவைப் பார்ப்போம். பிரதான முசலம் 27 மில்லிமீற்றர் அசைந்தால் அது தள்ளும் திரவத்தின் கனவளவு 2 × 2.7 = 5.4 கன சென்ரிமீற்றர். ஆகவே துணை முசலம் 5.4 ÷ 3 = 1.8 சென்ரிமீற்றர், அதாவது 18 மில்லிமீற்றர் அசையும்.

குழாய்க்குள் வளி புகுந்து, அது நெரிவதால் 1.5 கன சென்ரிமீற்றர் வீணாகிறது எனக் கொள்வோம். துணை உருளையை அடைவது 3.9 கன சென்ரிமீற்றர் மாத்திரமே. அசைவு 3.9 ÷ 3 = 1.3 சென்ரிமீற்றர், அதாவது 13 மில்லிமீற்றர். கிளச் முழுமையாக விடுபட 16 மில்லிமீற்றர் அசைவு தேவையாயின் அது இழுபடும். பெடல் மென்மையாகத் தோன்றும், கார் ஓடும், கியர் மட்டும் விழாது. திரவத்தை நெரிக்க முடியாது, வளியை நெரிக்கலாம் என்ற ஒரு வாக்கியம் இவ்விளைவு முழுவதையும் விளக்கிவிடுகிறது.

5. மூன்று நிலைப் பரிசோதனை

பாதுகாப்பு: காரை மட்டமான இடத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஆசனத்தில் இருப்பவர் சாரதி அனுமதிப்பத்திரம் உள்ள வளர்ந்தவராக இருத்தல் வேண்டும். காருக்கு முன்னாலோ பின்னாலோ எவரும் நிற்றலாகாது. கிளச் இழுபடும் கார், பெடல் மிதிபட்டிருக்கும்போதே முன்னே பாயக்கூடும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை இயக்க வேண்டாம். காபனோரொட்சைட்டு வாயு உயிராபத்தானது.

முதலில் சாரதியிடம் வினவுக: எல்லாக் கியர்களும் கடினமா, ஒன்று மட்டுமா? திடீரென ஏற்பட்டதா, படிப்படியாகவா? காலையில் மட்டுமா, சூடேறிய பின்னருமா? அண்மையில் எண்ணெய் மாற்றப்பட்டதா? வெள்ளத்தில் ஓடியதா?

நிலை 1: எஞ்சின் நிறுத்தப்பட்டுள்ளது. கிளச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். இப்போது எதுவும் சுழலவில்லை. ஆதலால் நிபந்தனை (அ), (இ) ஆகியன சோதிக்கப்படவில்லை. (ஆ) மட்டுமே சோதிக்கப்படுகிறது. எல்லாக் கியர்களும் கடினமாயின் பழுது நெம்பு, இணைப்புக் கோல்கள் அல்லது கேபிள்கள், தெரிவுக் கவைகள் என்பவற்றில் உள்ளது.
குறிப்பு: சில வேளைகளில் பல்லின் முனை பல்லின் முனையில் முட்டி நிற்பதால் ஒரு கியர் விழாமற் போகலாம். இது பழுதன்று. கிளச்சை விட்டு மீண்டும் மிதித்தோ, கட்டைகளை நீக்கிக் காரைச் சற்று அசைத்து மீண்டும் கட்டை வைத்தோ இன்னொரு தடவை முயல வேண்டும்.

நிலை 2: எஞ்சின் இயங்குகிறது, கார் நிற்கிறது. கிளச்சை அடிவரை மிதித்து முதலாம் கியரையும் பின்னோக்கிய கியரையும் போட்டுப் பார்க்க வேண்டும். நிலை 1 இல் இலகுவாக இருந்து நிலை 2 இல் எல்லாக் கியர்களும் கடினமாயின் கிளச் இழுபடுகிறது.
இதனை உறுதிப்படுத்த, கிளச்சை மிதித்தபடி ஏறத்தாழ ஐந்து செக்கன்கள் காத்திருந்து பின்னோக்கிய கியரை மெதுவாகப் போடுக. பல கார்களில் பின்னோக்கிய கியருக்கு ஒத்திசைவு வளையம் இல்லை. கிளச் சரியாக விடுபட்டிருந்தால் அந்நேரத்துள் உள்ளீட்டுத் தண்டு நின்றுவிடும், ஓசை எழாது. “கறகற” எனப் பற்கள் உரசும் ஓசை கேட்டால் தண்டு இன்னும் சுழலுகிறது என்பது தெளிவு.
அடுத்து பெடலை நாலைந்து தடவை விரைவாக மிதித்து விட்டுப் பார்க்க வேண்டும். இப்போது கியர் இலகுவாக விழுந்தால் நீரியல் தொகுதியில் வளி உள்ளது அல்லது திரவம் கசிகிறது எனத் துணியலாம். ஒவ்வொரு மிதியிலும் கொள்கலத்திலிருந்து மேலும் திரவம் உள்ளே வருவதே இதற்குக் காரணம்.

நிலை 3: கார் ஓடுகிறது. முதலிரு நிலைகளிலும் குறை இல்லை, ஓடும்போது மட்டும் கடினம் எனில் நிபந்தனை (இ) ஐச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கியரில் மட்டும் உரசும் ஓசை எழுந்தால் அக்கியரின் ஒத்திசைவு வளையம் தேய்ந்துள்ளது. நகரத்தில் அடிக்கடி பாவிக்கப்படும் இரண்டாம் கியரின் வளையம் விரைவில் தேய்வதைப் பல வாகனங்களிற் காணலாம். எல்லாக் கியர்களும் ஓடும்போது மட்டும் கடினமாயின் கியர் எண்ணெயைச் சோதிக்க வேண்டும். எஞ்சினைத் தாங்கும் இறப்பர் தாங்கிகள் உடைந்து, எஞ்சின் அசைவதால் இணைப்புகள் இடம்மாறுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்று நிலைகளையும் முடிக்க ஒரு கருவியும் தேவையில்லை என்பதைக் கவனிக்க. கழற்றும் வேலை இவற்றின் பின்னரே ஆரம்பிக்கிறது.

6. ஒவ்வொரு பகுதியிலும் அடுத்த படி

கிளச் பகுதி: பெடலின் சுயாதீன அசைவை அளவுகோலால் அளந்து, வாகனக் கைந்நூலிற் தரப்பட்ட அளவுடன் ஒப்பிடுக. கேபிளாயின் செப்பஞ் செய்யும் சுரையைத் திருகிச் சரிசெய்யலாம். நீரியல் முறையாயின் கொள்கலத்தின் திரவ மட்டத்தையும் பிரதான, துணை உருளைகளைச் சுற்றி ஈரம் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். பல கார்களில் கிளச்சும் பிரேக்கும் ஒரே கொள்கலத்திலிருந்தே திரவம் பெறுகின்றன. அத்தகைய கொள்கலத்தில் கிளச்சுக்கான குழாய் பொதுவாக உயரத்தில் அமைந்திருக்கும். திரவம் குறையும்போது முதலில் பாதிக்கப்படுவது கிளச்சே. ஆகவே கியர் விழாமை, பிரேக்குக்கு வரவிருக்கும் ஆபத்தின் முன்னறிவித்தலாகவும் இருக்கலாம். திரவத்தை நிரப்பிவிட்டு மறந்துவிடலாகாது. கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். பிரேக் திரவத்துக்குப் பதிலாக எஞ்சின் ஒயிலை ஊற்றினால் இறப்பர் அடைப்புகள் ஊதிப் பழுதாகும்.

இணைப்புப் பகுதி: கியர்ப்பெட்டியின் வெளிப்புற நெம்புக் கரத்திலிருந்து இணைப்பைக் கழற்றி, கரத்தைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். கரம் இலகுவாக அசைந்தால் பழுது இணைப்பிலும், அசையாவிடின் பெட்டிக்குள்ளும் உள்ளது.

கியர்ப்பெட்டிப் பகுதி: எண்ணெயின் மட்டம், நிறம், தரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எண்ணெயில் மஞ்சள் நிற உலோகத் துகள்கள் மினுங்கினால் ஒத்திசைவு வளையங்கள் தேய்கின்றன. உற்பத்தியாளர் ஜி.எல். 4 தர எண்ணெயைக் குறிப்பிட்டிருக்க, பின்னச்சுக்கென அமைந்த ஜி.எல். 5 தர எண்ணெயை ஊற்றினால் அதிலுள்ள சேர்க்கைப் பொருட்கள் செப்புக் கலப்புலோக வளையத்தைப் பாதிக்கலாம். வளையத்துக்கு அவசியமான உராய்வும் குறையலாம். உராய்வு எப்போதும் தீமையன்று என்பதற்கு இது நல்லதோர் உதாரணம். பெட்டியை இறக்கிக் கழற்றுவது இவையனைத்தின் பின்னர் செய்யும் கடைசி வேலையாகும்.

7. இடமும் காலநிலையும்

குளிர் நாடுகளில் எழுதப்பட்ட நூல்களில் “காலையில் கியர் எண்ணெய் தடிப்பாக இருப்பது” முதற் காரணமாகக் காணப்படும். வெப்பநிலை குறைய எண்ணெயின் பிசுக்குமை அதிகரிப்பது உண்மையே. ஆயினும் கொழும்பின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியசு. இங்கு இக்காரணம் முதன்மை பெறாது. சராசரி ஏறத்தாழ 16 பாகையான நுவரெலியாவில் காலையில் எடுக்கும் வாகனத்துக்கு அது பொருந்தலாம்.

கொழும்பில் வேறு இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கடற்காற்று. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு அண்மையில் வெளியே நிறுத்தப்படும் வாகனத்தின் கேபிள்களும் மூட்டுகளும் உப்பு ஈரத்தால் விரைவில் துருப்பிடிக்கும். டொட் 3, டொட் 4 வகைப் பிரேக் திரவங்களும் வளியிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையன. இரண்டாவது, வெள்ளம். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவ உட்படப் பல பகுதிகள் நீரில் மூழ்கின. அத்தகைய நீரில் நின்ற அல்லது ஓடிய வாகனத்தின் கியர்ப்பெட்டிக்குள் வளித்துளையினூடாக நீர் புகலாம். எண்ணெய் பால் கலந்த தேநீர் போன்று மாறியிருந்தால் அதுவே சான்றாகும்; உடனே வடித்துவிட வேண்டும்.

வாகனத்தின் வடிவமைப்பையும் அறிந்திருக்க வேண்டும். கொழும்பு வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனர் காரின் முதலாம் கியருக்கு ஒத்திசைவு வளையம் கிடையாது. ஓடும்போது அக்கியரைப் போட்டால் உரசும். அது பழுதன்று, வடிவமைப்பு. காரை நிறுத்தி முதலாம் கியரைப் போட வேண்டும். அல்லது இரட்டைக் கிளச் முறையைக் கையாள வேண்டும். அதாவது கிளச்சை மிதித்து நடுநிலைக்கு வந்து, கிளச்சை விட்டு எஞ்சினின் வேகத்தைச் சற்றுக் கூட்டி, மீண்டும் மிதித்துக் கியரைப் போட வேண்டும். ஒத்திசைவு வளையம் செய்யும் வேலையை இங்கு சாரதியின் காலே செய்கிறது.

8. சுருக்க அட்டவணை

அறிகுறி: எஞ்சினை நிறுத்தியும் எல்லாக் கியர்களும் கடினம்
பகுதி: இணைப்பு, தெரிவுக் கவை
முதற் செயல்: இணைப்பைக் கழற்றிக் கரத்தை அசைத்தல்

அறிகுறி: எஞ்சின் இயங்கும்போது மட்டும் எல்லாம் கடினம்
பகுதி: கிளச் இழுபடல்
முதற் செயல்: கால்மிதி, சுயாதீன அசைவு, திரவ மட்டம் பார்த்தல்

அறிகுறி: பலமுறை மிதித்தால் இலகுவாகிறது
பகுதி: நீரியல் தொகுதி
முதற் செயல்: கசிவைத் தேடுதல், திருத்திய பின் வளியை அகற்றல்

அறிகுறி: ஓடும்போது ஒரு கியரில் மட்டும் உரசல்
பகுதி: அக்கியரின் ஒத்திசைவு வளையம்
முதற் செயல்: எண்ணெயில் துகள் உள்ளதா எனப் பார்த்தல்

அறிகுறி: குளிர்ந்த நிலையில் மட்டும் கடினம்
பகுதி: எண்ணெயின் தரம், பிசுக்குமை
முதற் செயல்: கைந்நூலில் உள்ள தரத்துடன் ஒப்பிடல்

9. விடை எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

• “கிளச் வழுக்குவதால் கியர் விழவில்லை” என எழுதுதல். வழுக்கல் வேறு, இழுபடல் வேறு.
• “கியர்ப்பெட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்” என்பதை முதற் படியாக எழுதுதல்.
• காரணத்தை மட்டும் எழுதி, அதனை உறுதிப்படுத்தும் சோதனையை எழுதாது விடுதல்.
• பாதுகாப்பு ஏற்பாடுகளைக் குறிப்பிடாமை.

10. மாதிரி வினாவும் விடையும்

வினா: கொட்டாஞ்சேனையில் பாடசாலை வான் ஓட்டும் ஒருவர், தமது வாகனத்தில் இரண்டு நாட்களாக எல்லாக் கியர்களும் கடினமாக விழுவதாகக் கூறுகிறார். எஞ்சினை நிறுத்தினால் இலகுவாக விழுகின்றன. பெடலைப் பலமுறை மிதித்தாலும் சற்று இலகுவாகிறது. கியர்ப்பெட்டியை இறக்க வேண்டுமென ஒருவர் அவருக்கு ஆலோசனை கூறியுள்ளார்.

(i) பழுது பெரும்பாலும் எத்தொகுதியில் உள்ளது?
(ii) அதற்கான இரு ஆதாரங்களைத் தருக.
(iii) கியர்ப்பெட்டியை இறக்கும் ஆலோசனையை நீர் ஏற்கிறீரா? விளக்குக.
(iv) பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் அவர் உடனடியாகச் சோதிக்க வேண்டிய வேறொரு தொகுதி எது? ஏன்?

விடை:
(i) கிளச்சின் நீரியல் இயக்கத் தொகுதி.
(ii) எஞ்சினை நிறுத்தியபோது கியர்கள் இலகுவாக விழுவதால் நெம்பும் இணைப்பும் சரியானவை. இயங்கும்போது மட்டும் கடினமாவதால் கிளச் இழுபடுகிறது. பலமுறை மிதிக்கும்போது இலகுவாவதால் திரவக் குறைவு அல்லது வளி புகுதல் உண்டு.
(iii) இல்லை. எல்லாக் கியர்களும் ஒரே வேளையில் பாதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினை நிறுத்தியபோது குறை இல்லை. எனவே முதலில் திரவ மட்டத்தையும் உருளைகளின் கசிவையும் சோதித்துத் திருத்தி, வளியை அகற்ற வேண்டும். அதன் பின்னரும் பழுது நீங்காவிடின் மட்டுமே கிளச் தட்டைப் பார்ப்பதற்காகப் பெட்டியை இறக்கலாம்.
(iv) பிரேக் தொகுதி. கிளச்சும் பிரேக்கும் ஒரே திரவக் கொள்கலத்தைப் பகிர்ந்து கொள்ளும் வாகனமாயின், மட்டம் மேலும் குறையும்போது பிரேக்கும் செயலிழக்கலாம்.

நான்காம் பகுதியின் விடையைச் சற்று நேரம் சிந்தியுங்கள். ஒழுங்கான இனங்காணல் அந்தச் சாரதிக்கு ஒரு நாள் வருமானத்தைக் காப்பாற்றுகிறது; அத்துடன் வானில் ஏறும் பிள்ளைகளையும் காக்கிறது.

பயிற்சி வினாக்கள்

1. எஞ்சினை நிறுத்திக் கியர் மாற்றும் சோதனையில் எந்த நிபந்தனை மட்டும் சோதிக்கப்படுகிறது? ஏன்?
2. உதாரணம் 1 இலுள்ள காரில் இரண்டாம் கியரில் 3000 சுற்றுகளில் சுழலும் எஞ்சினை மூன்றாம் கியருக்கு மாற்றும்போது உள்ளீட்டுத் தண்டின் வேகம் எவ்வளவு குறைய வேண்டும்? (விடை: 750 சுற்றுகள்)
3. உதாரணம் 2 இல் வளியால் 0.3 கன சென்ரிமீற்றர் மாத்திரம் வீணானால் துணை முசலத்தின் அசைவு யாது? கிளச் முழுமையாக விடுபடுமா? (விடை: 17 மில்லிமீற்றர், விடுபடும்)

நினைவிற் கொள்க: நிறுத்திப் பார், இயக்கிப் பார், ஓட்டிப் பார். இம்மூன்றின் பின்னரே கழற்றிப் பார்.